ஹார்ட் டிஸ்க் போவதற்கு முன்னும் போன பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2013-ல் என்னுடைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று நின்றுபோனது. என் அப்பத்தா பாடிய நடவுப் பாட்டுகளும் ஒப்பாரிகளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் அதில் இருந்தன. அப்பத்தா இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. புது டிஸ்க்கை மறுநாளே வாங்கிவிட்டேன், பாட்டு திரும்பவில்லை. அதன் பிறகு உறவினர், நண்பர், பக்கத்து வீட்டார் என்று யாருடைய கம்ப்யூட்டரைத் தொட்டாலும் பேக்கப் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன். அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நல்ல கம்பெனி டிஸ்க், வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. இப்போதே ஏன் பயப்பட வேண்டும்?

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி வராது. கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கிறது. 3.5 அங்குல டிஸ்க்கில், 7,200 வேகத்தில், தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டரில் ஓடுகிறது. அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், படிக்கும் முனை மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். உள்ளே ஒரு தூசி புகுந்தால் போதும். ஓடும்போது லேப்டாப் மேசையிலிருந்து விழுந்தால் போதும். முனை தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் எழுதியிருந்தது பொடியாகிப் போகும்.

லட்சக்கணக்கில் டிஸ்க் வைத்திருக்கும் பேக்பிளேஸ் என்ற ஆன்லைன் பேக்கப் நிறுவனம் 2013 முதல் தன் டிஸ்க்குகளின் கணக்கை வெளியிட்டு வருகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் 100-க்கு ஒன்றோ இரண்டோ சாகின்றன. குளிரூட்டிய அறையில், தடையற்ற மின்சாரத்தில், யாரும் அசைக்காமல் ஓடும் டிஸ்க்குகள் அவை. நூறு டிஸ்க் வைத்திருப்பவருக்கு அது ஒரு சதவீதம். ஒரே டிஸ்க் வைத்திருப்பவருக்குப் போனால் மொத்தமும் போச்சு. வாரண்டி இருக்கிறதே என்பார்கள். வாரண்டியில் புது டிஸ்க் கிடைக்கும், காலியாக.

முக்கியமானதை எல்லாம் டி டிரைவில் போட்டிருக்கிறேன். அது பத்திரம்தானே?

நம் ஊரில் அதிகம் பேரை ஏமாற்றிய நம்பிக்கை இது. சர்வீஸ் கடையில் 'சி'யை ஃபார்மட் செய்வார்கள், 'டி' அப்படியே இருக்கும். இரண்டு மூன்று முறை அப்படிப் பிழைத்ததால் டி டிரைவ் என்றால் பெட்டகம் என்று மனதில் பதிந்துவிட்டது. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி, இ எல்லாம் ஒரே டிஸ்க்கைக் கோடு போட்டுப் பிரித்தவை. ஒரே வயலை வரப்பு கட்டிப் பிரித்த மாதிரி. வெள்ளம் வந்தால் வரப்பு எதையும் காக்காது. விண்டோஸ் கெட்டால் டி தப்பும். டிஸ்க் கெட்டால் எல்லாம் சேர்ந்தே போகும்.

டிஸ்க் போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

சில நேரம் தெரியும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையை ஸ்மார்ட் என்ற பதிவேட்டில் எழுதிக்கொண்டே வருகிறது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்றால் கெட்டுப்போன இடங்களை ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த எண்ணிக்கை. சி5 என்றால் படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள். சி6 என்றால் திருத்தவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எண் ஏறத் தொடங்கினால் அன்றே பிரதி எடுங்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. கேபிளை மாற்றினால் நின்றுவிடும்.

ஆனால் பச்சைக்கொடி காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தின் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனையில் முதல் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு: செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, ஸ்மார்ட்டின் நான்கு முக்கியமான அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள், வராததை நம்பாதீர்கள்.

டிஸ்க்கிலிருந்து 'டிக்… டிக்…' என்று சத்தம் வருகிறது. இப்போது என்ன செய்வது?

அணையுங்கள். இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தச் சத்தம், படிக்கும் முனை தன் இடத்தைத் தேடிப் போய்க் கிடைக்காமல் திரும்பி வந்து மறுபடி தேடுவது. முனை உடைந்திருந்தால், ஒவ்வொரு தேடலிலும் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும். 2013-ல் என் டிஸ்க் அப்படிக் கத்தியபோது நான் எட்டு ஒன்பது முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு முறை ஃபோல்டர் பெயர்கள் தெரிந்தன. அந்த நிமிடத்தில் நிறுத்தி விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்திருந்தால் பாட்டுகள் பிழைத்திருக்கலாம். ஆசையில் இன்னொரு முறை போட்டேன். கடைசியாக ரெக்கவரி செய்பவர் தட்டைத் திறந்து காட்டினார்: வட்டமாக ஒரு கீறல், இசைத்தட்டில் ஆணியால் கோடு போட்டது போல.

சத்தம் இல்லை, மெதுவாக இருக்கிறது, சில ஃபைல்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன என்றால் நிலைமை வேறு. அப்போதும் இரண்டு காரியம் செய்யக் கூடாது. ஒன்று, செக்டிஸ்க் ஓட்டுவது. அது ஃபைல் அமைப்பைச் சீர்செய்ய வந்தது, உங்கள் போட்டோக்களைக் காப்பாற்ற அல்ல. சாகும் டிஸ்க்கில் அதை ஓட்டினால் எழுதியும் அழித்தும் நிலைமையை மோசமாக்கும். இரண்டு, ரெக்கவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்வது. மீட்க வேண்டியதன் மேலேயே அது போய் உட்காரும்.

செய்ய வேண்டியது, முழு டிஸ்க்கையும் வேறொரு பெரிய டிஸ்க்குக்கு அச்சாக நகலெடுத்துவிட்டு நகலில் வேலை பார்ப்பது. லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இதற்கென்றே இருக்கிறது. எளிதில் படிக்கக் கூடிய இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடமும் வைத்துக்கொள்ளும். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் கிடைத்த பிறகு டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளை நகலின் மேல் ஓட்டிப் பாருங்கள். இதெல்லாம் பழக்கமில்லை, உள்ளே இருப்பது விலை மதிக்க முடியாதது என்றால் நீங்களே முயல வேண்டாம். தூசியற்ற அறை வைத்திருக்கும் ரெக்கவரி நிறுவனத்திடம் கொடுங்கள். கட்டணம் டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்கிறார்களே? டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றினால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள்.

ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சொம்பில் எப்படித் தண்ணீர் வியர்க்கிறதோ, அப்படி டிஸ்க்கிலும் ஈரம் படியும். போர்டு மாற்றுவது பழைய டிஸ்க்குகளில் நடந்தது. இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவுகள் அந்தந்தப் போர்டின் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையும் மாற்றிப் பற்றவைக்காமல் இன்னொரு போர்டு பேசாது. மூடியைத் திறந்து பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டுவிட்டேன். அதில் சுற்றும் பாகமே இல்லையே?

விழுந்தால் தாங்கும், அது உண்மை. ஆனால் சாகும்போது சத்தம் போடாது. நேற்று ஓடியது, இன்று காலை கம்ப்யூட்டர் அப்படி ஒரு டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். கூடவே, அழித்த ஃபைலின் இடத்தைக் காலிசெய்துவிடும் ட்ரிம் என்ற ஏற்பாட்டால், எஸ்எஸ்டியில் தவறி அழித்த ஃபைலை மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். பழைய டிஸ்க்கில் இருந்த அந்தக் கடைசி வாய்ப்பும் இதில் இல்லை.

பிரதி எடுத்துப் பீரோவில் வைக்க எஸ்எஸ்டியையோ பென் டிரைவையோ நம்ப வேண்டாம். எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதுதான் சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக் வீட்டு உபயோகத்துக்கு வைத்த தரநிலை. புது எஸ்எஸ்டி அதைவிட அதிகம் தாங்கும். ஆனாலும் பங்குனி வெயிலில் பூட்டிய பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எத்தனை பிரதி இருந்தால் போதும்?

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற விதியைத்தான் நானும் பின்பற்றுகிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். கம்ப்யூட்டரில் இருப்பதையும் ஒன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆக, வீட்டில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், வெளியே ஒன்று.

வெளியே என்பதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் கீழ்த்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, கம்ப்யூட்டர் இருந்த மேசையின் இழுப்பறையிலேயே பேக்கப் டிஸ்க்கும் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் நனைந்தன. பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதைதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பும் அதே கட்டடத்தில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

மாதம் தவறாமல் போய்வரும் அக்கா வீடு இருந்தால் அதுவே உங்கள் தரவு மையம். இரண்டு டிஸ்க் வாங்குங்கள். போகும்போது புதிதாக எழுதியதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வாருங்கள். பயமாக இருந்தால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கொடுங்கள்.

எல்லாம் கூகுள் டிரைவில் தானாகப் போகிறதே. அது பேக்கப் இல்லையா?

பாதி பேக்கப். உங்கள் டிஸ்க் செத்தால் அங்கே இருக்கும். அந்த அளவில் நல்லது. ஆனால் அது உங்கள் ஃபோல்டரின் நிழல். இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் கவனிக்காவிட்டால் போனதுதான். ஒன்டிரைவிலும் இதே 30 நாள். இரண்டாண்டு நுழையாமல் விட்ட தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கவும் தொடங்கியிருக்கிறது. அம்மா பெயரில் ஒரு கணக்கு தொடங்கிப் போட்டோக்களை ஏற்றிவிட்டு மறந்தவர்கள் இன்றே ஒரு முறை நுழைந்து பாருங்கள்.

இடமும் ஒரு பிரச்சினை. கூகுள் இலவசமாகத் தருவது மெயிலும் போட்டோவும் சேர்த்து 15 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி. 200 ஜிபி போட்டோவைப் பணம் கட்டி ஏற்றலாம் என்றால், 20 எம்பிபிஎஸ் ஏற்றும் வேகத்தில் இடைவிடாமல் 22 மணி நேரம் பிடிக்கும். அது ஒரு முறை வேலைதான், இரவில் விட்டுவிடலாம். என் ஆலோசனை, கிளவுடை 'வேறு இடத்தில் ஒன்று' என்ற கணக்கில் வையுங்கள். வீட்டு டிஸ்க்குக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இருக்கிறதே என்றும் சிலர் சொல்வார்கள். அது சுருக்கி அனுப்பிய படம். சட்டகம் போட்டு மாட்ட நினைக்கும் நாளில் வித்தியாசம் தெரியும்.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு போட்டால் பேக்கப் வேண்டாமே?

வேண்டும். ரெய்டு ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும். நீங்கள் தவறி அழித்ததை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துவிடும்.

எந்த மென்பொருள் நல்லது?

நீங்கள் மறந்தாலும் ஓடுவது எதுவோ, அது. கையால் காப்பி-பேஸ்ட் செய்பவர்கள் முதல் மாதம் ஒழுங்காகச் செய்வார்கள். தீபாவளி, பொங்கல் என்று இரண்டு விசேஷம் வந்தால் விட்டுவிடுவார்கள். மேக்கில் 2007 முதல் டைம் மெஷின் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. ஒருமுறை தொடங்கினால் டிஸ்க் செருகியிருக்கும்போது மணிக்கு ஒருமுறை மாறியவற்றை எடுத்துக்கொள்ளும், பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான ஃபோல்டர்களைத்தான் பார்க்கும். நாம்தான் எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டிருக்கிறோமே! அந்த ஃபோல்டர்களை லைப்ரரியில் சேர்த்தால்தான் அவையும் வரும். கடை வைத்திருப்பவர்கள் டேலி டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு டேஜா டூப் எளிது, ஆர்சிங்க் பலமானது. டைம்ஷிஃப்ட் இயங்குதளத்துக்கானது, உங்கள் கோப்புகளை அது வழக்கமாகத் தொடாது.

பேக்கப் டிஸ்க்கைச் செருகியே வைத்திருக்கலாமா?

ஒன்றை வைக்கலாம், எல்லாவற்றையும் அல்ல. திருட்டு மென்பொருளோடு தொற்றிக்கொண்டு வந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், செருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். இடியும் மின்னலுமாக இருக்கும் ஐப்பசி இரவில் மின்கம்பி வழியாக வருவதும் அப்படித்தான். கழற்றி வைத்த டிஸ்க்கை இரண்டாலும் தொட முடியாது.

மின்வெட்டால் டிஸ்க் கெடுமா?

மின்சாரம் போனதும் முனையைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கிக்கொள்ள டிஸ்க்குக்குத் தெரியும். தட்டு சுற்றும் வேகத்திலிருந்தே அதற்கான விசையை எடுத்துக்கொள்ளும். கெடுவது, பாதி எழுதிக்கொண்டிருந்த ஃபைலும் ஃபைல் அட்டவணையும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியில் இருப்பவர்கள் டெஸ்க்டாப்புக்கு ஒரு யுபிஎஸ்ஸும் ஒழுங்கான எர்த்தும் போட்டுவிடுங்கள்.

பழைய தமிழ்க் கோப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டும். இதைத் தமிழில் எழுதுகிறவர்கள்தான் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாமினி, டிஸ்கி, டாப் என்று ஏதோ ஒரு எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு உங்களிடம் இருந்தால், கோப்பு மட்டும் பிழைத்தால் போதாது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும். எழுத்துரு ஃபைலையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். முடிந்தவரை யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு பிரதி சேருங்கள். மூலத்தை அழிக்காதீர்கள், மாற்றியில் சில எழுத்துகள் பிசகும். பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் பக்கம் வடிவமைத்த கோப்பு என்றால், அதைத் திறக்கும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடிஎஃப்பாக எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஃபைல் பெயர். விண்டோஸில் நீளமான தமிழ்ப் பெயர் வைத்திருப்போம்; லினக்ஸில் ஓடும் நெட்வொர்க் டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கும்போது பெயர் நீளம் என்று சொல்லி அந்த ஃபைலை மட்டும் விட்டுவிடும். காரணம், அங்கே பெயருக்கு 255 பைட்தான் இடம். அங்கே யூனிகோடை எழுதும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் தனி, துணைக்காலும் தனி. 'அப்பத்தா' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கம்ப்யூட்டருக்கு எட்டுக் குறி, 24 பைட். கதையின் முதல் வரியையே பெயராக வைக்கும் பழக்கம் உள்ள எழுத்தாளர்கள் அதைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பிரதி முடிந்ததும் இரு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள்.

பேக்கப் சரியாக எடுத்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

திறந்து பார்த்தால்தான் தெரியும். 2017 ஜனவரி 31 அன்று நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் களைப்பில் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, 300 ஜிபி தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப் ஐந்து விதமாக ஏற்பாடு செய்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒன்றும் சரியாக ஓடியிருக்கவில்லை. பேக்கப் சேர வேண்டிய கிளவுட் இடம் காலியாக இருந்தது. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இத்தனையையும் அந்த நிறுவனமே மறைக்காமல் எழுதி வெளியிட்டது. எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடியது அதனால்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். ஒரு பழைய போட்டோ, ஒரு வீடியோ, ஒரு கணக்குக் கோப்பு. மூன்றையும் கடைசி வரை திறந்து பாருங்கள். வீடியோவின் முதல் நொடி ஓடுவது போதாது.

எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் இதெல்லாம் தெரியும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

விண்டோஸ் 11 உள்ள பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. மதர்போர்டு போனாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ, பிட்லாக்கர் என்ற அந்த விண்டோஸ் பூட்டு 48 இலக்கச் சாவி கேட்கும். அது இல்லாமல் நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்கும் செத்ததற்குச் சமம். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் பாஸ்வேர்டு உங்கள் தலைக்குள் இருக்கும்.

அந்த 48 இலக்கத்தையும் இன்று ஒரு தாளில் எழுதுங்கள். கீழே, பேக்கப் டிஸ்க் எங்கே இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு என்ன, எந்த ஃபோல்டரில் குடும்பப் படங்கள் என்று நாலு வரி தமிழில். ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பையில் வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கைச் செருகி, தாளைப் பார்த்து அவர்களே ஒரு படத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் மௌசைத் தொடாமல் பக்கத்தில் நில்லுங்கள்.